நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொல்வது ஏன்?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: மனச்சோர்வுக்காக அம்மாவை மனநல ஆலோசகரிடம் அழைத்துச் சென்றபோது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னாராம். துக்கத்தைச் சொல்லப் போன இடத்தில் கணக்கு எதற்கு என்பது அவருடைய ஆதங்கம்.

அது மனநிலைப் பரிசோதனையின் ஒரு பகுதி. உடை, நடத்தை, பேச்சின் வேகம், முகத்தில் தெரியும் உணர்ச்சி, எண்ணங்களின் போக்கு, யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா என்பது, நினைவாற்றல் என அனைத்தையும் உரையாடலின் ஊடே கவனித்துக் குறித்துக்கொள்வார்கள். சாகத் தோன்றுகிறதா என்றும் நேராகவே கேட்பார்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

கணக்குக்கு வருவோம். 93 என்று சொன்னவர் அதை மனத்தில் நிறுத்தி, கழிக்க வேண்டியது ஏழு என்பதையும் மறவாமல், கடன் வாங்கிக் கழித்து 86-ஐ அடைந்ததும் பழைய எண்ணைக் கைவிட்டுப் புதியதைப் பற்றிக்கொள்ள வேண்டும். செயல்படு நினைவு எனப்படும் இத்திறனில் மூளையின் முன்பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் கொள்ளளவோ மிகக் குறைவு. ஓயாத கவலை அவ்விடத்தை அடைத்துக்கொண்டால் கணக்குக்கு இடம் போதாது. ஆகவே விடையைவிட விடை வரும் விதமே முக்கியம். மனச்சோர்வில் இருப்பவர் நெடுநேரம் நிறுத்தி நிறுத்திச் சரியாகவே சொல்லக்கூடும். குழப்பநிலையில் இருப்பவர் எதைக் கழிக்கிறோம் என்பதையே நடுவில் விட்டுவிடுவார். 93, 87, 80, 73 என்று ஒருவர் சொன்னால் தவறு ஒன்றுதான். 87-க்குப் பின் வந்தவை சரியான கழித்தல்களே என்பது எனக்கு மிகவும் பிடித்த நுட்பம்.

நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் சுருக்கமாகச் சோதிக்கும், 1975இல் வெளியான புகழ்பெற்ற மினி மென்டல் ஸ்டேட் தேர்விலும் இக்கணக்கு உண்டு. ஆனால் பள்ளிக்கே போகாதவர் இதில் தடுமாறினால் தெரிவது அவருடைய படிப்பின் அளவே தவிர மனநிலை அன்று. மீன் விற்கும் பெண்மணியிடம், 65 ரூபாய்க்கு மத்தி வாங்கிக்கொண்டு 100 ரூபாய்த் தாளை நீட்டினால் மீதி எவ்வளவு என்று கேட்கலாம். கிழமைகளைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் செய்யலாம். தேதி தெரியாத மீனவர், அமாவாசை கழிந்து எத்தனை நாளாயிற்று என்று பிசகாமல் சொல்லிவிடக்கூடும். காலவுணர்வு சரியாக இருப்பதற்கு அதுவே சான்று. வீட்டில் எல்லோருமே நம்புகிற பேய், செய்வினை போன்றவற்றைப் பரிசோதனைக்கு வந்தவர் சொன்னால், அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்டுவதில்லை. ஆயினும் அந்த நம்பிக்கையால் சிகிச்சையை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் எழுத்தறிவில்லா முதியோருக்கென இத்தேர்வின் இந்தி வடிவம் ஒன்றை உருவாக்கி 1995இல் வெளியிட்டார்கள். கடலூர், புதுச்சேரி மீனவர் குப்பங்களின் பேச்சுவழக்கில் கேள்விகளை அமைத்து, அங்குள்ள முதியவர்களிடமே சோதித்துத் தரப்படுத்தும் ஆய்வுக்கு நிதி ஒதுக்குவது, புதிய ஸ்கேன் கருவி வாங்குவதைவிட அவசரமானது என்பேன்.