ரத்தம் கூடினா நல்லதுதானே, டாக்டர்?

ரத்தம் என்றாலே நம் வீடுகளில் ஒரே கவலைதான்: கம்மியாக இருக்கிறதா? முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட் எல்லாம் அதற்காகத்தான். அதனால்தானோ என்னவோ, பெங்களூரு அல்சூரில் என் கிளினிக்குக்கு வந்த 46 வயதுக்காரர், ஹீமோகுளோபின் 18.6 என்றிருந்த ரிப்போர்ட்டை மார்க் ஷீட் மாதிரி பெருமையோடு நீட்டினார். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஒன்றரை வருடமாக மூன்று வாரத்துக்கு ஒரு டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி. காலையில் இரண்டு முறை ரத்தம் எடுத்துப் பார்த்து, குறைவு என்று உறுதியான பிறகே தொடங்கியிருக்கிறார்கள், அது சரி. அப்புறம் யாரும் ஹார்மோன் அளவைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே பி.சி.வி. 56 என்று தடித்த எழுத்தில் இருந்தது. ஹெமட்டோகிரிட் என்பதும் இதுதான்: நூறு பங்கு ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை பங்கு என்ற கணக்கு. ஆண்களுக்குச் சுமார் 40 முதல் 50 வரை இருக்கும்.

டெஸ்டோஸ்டிரோன், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டினைக் கூட்டுகிறது. கூடவே ஹெப்சிடினை அடக்குகிறது. ஹெப்சிடின் என்பது உடலின் இரும்புச்சத்துக்குப் போட்ட பூட்டு. பூட்டு திறந்தால் சிவப்பணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜைக்குக் கொண்டாட்டம். ரசம் போல ஓட வேண்டிய ரத்தம் சாம்பார் போலக் கெட்டியாகிவிடும். ஊசி போட்ட முதல் சில நாட்களில் ஹார்மோன் உச்சத்துக்குப் போவதால், தினமும் தடவும் ஜெல்லைவிட ஊசியில் இந்தத் தொல்லை அதிகம்.

அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி என்ற ஹார்மோன் மருத்துவர்கள் சங்கத்தின் 2018 வழிகாட்டுதலைத்தான் நான் பின்பற்றுகிறேன். மருந்தைத் தொடங்கும் முன் ஒரு தடவை, 3 முதல் 6 மாதத்துக்குள் ஒரு தடவை, பிறகு வருடத்துக்கு ஒரு தடவை பி.சி.வி. பார்க்க வேண்டும். 54-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும். 2023-இல் வந்த டிராவர்ஸ் ஆய்வில், 5,200-க்கும் அதிகமான ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லால் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் நுரையீரலில் ரத்தக்கட்டி, சீரற்ற இதயத்துடிப்பு, சிறுநீரகப் பாதிப்பு போன்றவை சற்றே அதிகம். அந்த ஆய்விலும் பி.சி.வி. 54-ஐத் தாண்டாதபடி மருந்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள் என்பதை ஜிம்மில் ஊசி விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள்.

டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்ளும் திருநம்பிகளுக்கும் இதே கணக்குதான். லேப் பதிவில் பெண் என்று இருந்தால் பெண்களுக்கான அளவோடு ஒப்பிட்டுப் பயமுறுத்திவிடும்; ஆண்களுக்கான அளவைப் பாருங்கள்.

நம்மவர் கதைக்கு வருகிறேன். முதலில், "டெஸ்டுக்கு முன்னாடி தண்ணி குடிச்சீங்களா சார்?" என்று கேட்டேன். "ஃபாஸ்டிங்னு சொன்னாங்களே." முந்தின ராத்திரியிலிருந்து சொட்டுத் தண்ணீர் இல்லாமல் சில்க் போர்டு டிராஃபிக்கில் ஸ்கூட்டர் ஓட்டி வந்திருக்கிறார். நீர் வற்றினாலும் பி.சி.வி. ஏறும், வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கும் தண்ணீர் குடிக்கலாம். நன்றாகக் குடிக்கச் சொல்லி மறுபடி எடுத்தோம்: 55. பெங்களூரு மேட்டில் இருப்பதாலா என்று கேட்டார். 900 மீட்டர் சொச்சம் உயரத்துக்கு இவ்வளவு ஏறாது. 3,500 மீட்டரில் இருக்கும் லே என்றால் யோசிக்கலாம். சிகரெட் ஏற்றும், அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை.

விடை அவர் மனைவியிடம் இருந்தது. "குறட்டை விட்டுட்டே இருப்பார் டாக்டர், நடுவுல சத்தமே இருக்காது. நான்தான் தட்டி எழுப்புவேன்." தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் ஆக்சிஜன் குறையும், உடல் ஈடுகட்டச் சிவப்பணுக்களைப் பெருக்கும். அந்த நெருப்பில் ஊசி எண்ணெய் ஊற்றியிருக்கிறது.

"ரத்ததானம் பண்ணிட்டா சரியாயிடும்னு ஃப்ரெண்டு சொன்னான்" என்றார். சில சமயம் நாங்களே ரத்தம் எடுக்கிறோம். ஆனால் அதையே வைத்தியமாக வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு தடவை 450 மில்லி எடுத்தால் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு போய்விடும். அடிக்கடி எடுத்தால் ஃபெரிட்டின், அதாவது உடலின் இரும்புக் கையிருப்பு, சரிந்து அசதி வரும். அசதி வந்ததும் 'ஹார்மோன் பத்தலை' என்று ஊசியைக் கூட்டச் சொல்வார்கள்; பழையபடி பி.சி.வி. ஏறும். ரத்தம் இளக என்று தாங்களாகவே ஆஸ்பிரின் போடுபவர்களும் உண்டு. ஆஸ்பிரினால் சிவப்பணு எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையாது. ஒரு காலில் மட்டும் வீக்கம், நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் என்றால் என் கிளினிக்குக்கு வராதீர்கள். நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

ஊசியை நிறுத்தினோம். ஸ்லீப் ஸ்டடியில் சந்தேகம் உறுதியானது. ராத்திரி முகத்தில் சி-பாப் மாஸ்க்: மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளாதபடி காற்றைச் செலுத்தும் கருவி. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் எண் மெதுவாகத்தான் இறங்கும். மருந்தை நிறுத்தியும் இறங்காதவர்களுக்கு, மஜ்ஜையிலேயே கோளாறா என்று அறிய ஜாக்-2 மரபணுப் பரிசோதனை பார்ப்பதுண்டு; இவருக்குத் தேவைப்படவில்லை. நான்காவது மாதம் 49. குறைந்த அளவில் ஜெல் தொடங்கியிருக்கிறோம். அடுத்த ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார், டெஸ்டோஸ்டிரோன் அளவை மட்டும் வட்டமிட்டு. முதல் பக்கத்தை அனுப்பச் சொல்லிப் பதில் போட்டேன்.