தலையில அடிபட்டவங்க டிஸ்சார்ஜ் சம்மரியில 15க்கு 15 போட்டிருந்தா ஃபுல் மார்க்குன்னு அர்த்தம் இல்லைங்க

போன வாரம் ராத்திரி ஒம்பதரைக்கு ஒரு போன். மன்னார்குடி பக்கத்து கிராமம், பேரு ஊரெல்லாம் வேணாம். "டாக்டர் தம்பி, பையன் நல்லா நடக்குறான், சாப்புடுறான், ஆனா திமிரு ஏறிப்போச்சு, இன்னைக்கு அவங்க அப்பாவயே கை ஓங்கிட்டான், குணசீலம் பெருமாள் கோயில்ல ஒரு மண்டலம் தங்க வச்சு பாக்கலாமான்னு இருக்கோம்"னு அந்தம்மா அழுவுது. (நான் டாக்டர் இல்லம்மா, பிசியோன்னு எத்தனையோ தடவ சொல்லியாச்சு, யாரு கேக்குறா.) இந்த திமிருங்குற வார்த்தைய எத்தனை வீட்டுலதான் கேக்குறது, அதான் இன்னைக்கு உக்காந்து எழுதிடலாம்னு.

பையனுக்கு 26 வயசு. மாசி மாசம், சம்பா அறுப்பு முடிஞ்ச நேரம், ரோட்டுல நெல்லு காயப்போட்டு ராத்திரிக்கு கருப்பு தார்ப்பாய மூடி சுத்தி பாறாங்கல்ல வச்சிருக்காங்க, பைக்குல வந்தவனுக்கு கண்ணு தெரியல. ஹெல்மெட்டா? இருந்துச்சே, பெட்ரோல் டேங்க் மேல. ஓடி வந்தவங்க மயக்கமா கெடந்தவன் வாயில சோடா ஊத்தியிருக்காங்க. மனசு நல்ல மனசுதான், ஆனா முழிப்பில்லாதவன் வாயில சொட்டுத் தண்ணி கூட ஊத்தாதீங்க, நேரா நுரையீரலுக்கு போயிடும். கழுத்த ஆட்டாம பாத்துக்கிட்டு 108க்கு போன் போடுங்க, அது போதும்.

ஆபரேஷன், தொண்டையில ஓட்டை, மூக்குல டியூப்பு, மண்டையோட்டு எலும்பு ஒரு துண்ட எடுத்து வயித்துத் தோலுக்கு அடியில வச்சு பிறகு திரும்ப பொருத்துனது, எல்லாத்தையும் தாண்டி வந்தான். நாலாவது மாசம் வாக்கர் இல்லாம நடந்தான். அன்னைக்கு அவங்க வீட்டுல பாயசம். என்னோட கஷ்டகாலம் அன்னைக்குதான் ஆரம்பிச்சுது, ஏன்னா நடந்துட்டான்னா சரியாயிட்டான்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு.

அப்பா டிஸ்சார்ஜ் சம்மரிய லேமினேட் பண்ணி வச்சிருக்காரு. "பாருங்க தம்பி, 15க்கு 15 போட்டிருக்காங்க, மூளை பாஸாயிடுச்சு, இப்ப பண்றதெல்லாம் வேணும்னு பண்றான்"ங்குறாரு. ஐயா, அது பரீட்சை மார்க்கு இல்ல. கிளாஸ்கோவுல ரெண்டு டாக்டருங்க 1974ல கொண்டு வந்த அளவுகோல் அது, கோமா எவ்வளவு ஆழம்னு பாக்க. கண்ணத் தானா தொறந்தா 4, எங்க இருக்கோம் என்ன மாசம்னு தெளிவா பேசுனா 5, கைய தூக்குன்னா தூக்குனா 6, மொத்தம் 15. அவ்வளவுதான் அதுல இருக்கு. கோவத்த அடக்க முடியுதா, ஒரு வேலைய ஆரம்பிச்சு முடிக்க முடியுதா, நேத்து சொன்னது நெனவிருக்கா, இதுல ஒண்ணக்கூட அது கேக்கல. அதுல ஜீரோவே கெடையாது தெரியுமா, எதுக்குமே அசையாம ஆழ்ந்த கோமாவுல கெடக்குறவருக்கும் 3 போடணும். 15 வாங்குனா கோமாவுல இல்லன்னு அர்த்தம், அதுக்கு மேல எதுவும் கெடையாது. இத நான் அவருக்கு மூணு தடவ சொன்னேன், நாலாவது தடவையா உங்களுக்கு சொல்றேன்.

சரி, திமிருக்கு வருவோம். ஒரு நாள் தொழுவத்துல வச்சு அவங்கிட்ட கேட்டேன், மாட்டுக்கு எப்புடி தண்ணி காட்டுவன்னு. தொட்டியில தண்ணி புடிக்கணும், தவிடும் ஊறவச்ச புண்ணாக்கும் போட்டு கையால கரைக்கணும், மாட்ட அவுத்து கொண்டாந்து காட்டிட்டு திரும்ப கட்டணும்னு பிசிறில்லாம சொன்னான். சரி, போய் காட்டுன்னேன். அப்புடியே உக்காந்திருக்கான். பத்து நிமிஷம். மாடு கத்துது, இவன் அதையே பாத்துக்கிட்டு இருக்கான். அப்புறம் எழுந்திரிச்சு போய் வாளிய அடிபம்புக்கு அடியில வச்சு அடிச்சான், வாளி நெறஞ்சு வழிஞ்சு காலு நனையுது, இன்னும் அடிச்சுக்கிட்டே இருக்கான். "வாயால கேட்டா அத்தனையும் தெரியுதுல்ல, அப்ப செய்யாம இருக்குறது திமிருதானே"ன்னு அவங்க அப்பா கத்துறாரு. இல்லைங்கய்யா. தெரியுறது வேற, அத ஆரம்பிக்கவும் வரிசையா செய்யவும் முடிஞ்ச உடனே நிறுத்தவும் நெத்திக்குப் பின்னாடி இருக்குற மூளை வேலை செய்யணும், இவனுக்கு அடிபட்டதே அங்கதான். கோவத்துக்கு பிரேக்கும் அங்கதான் இருக்கு. கையில கட்டு போட்டவன மூட்டை தூக்கச் சொல்லுவீங்களா? இந்த அடி வெளிய தெரியல, அதனால திட்டு வாங்குறான்.

கோவம் வர்ற நேரத்த கவனிச்சு பாருங்க, பெரும்பாலும் சாயங்காலம், மூளை களைச்சுப் போன நேரம், டிவி ஓடுது, சொந்தக்காரங்க ஏழெட்டு பேர் வந்து என்னைய அடையாளம் தெரியுதா எம் பேரு சொல்லுன்னு வைவா நடத்திக்கிட்டு இருப்பாங்க. அத மொதல்ல நிறுத்துங்க. ஒரு நேரத்துக்கு ஒரு வேலை சொல்லுங்க, பதில் வர நேரம் குடுங்க. கத்தும்போது எதிர்த்து நியாயம் பேசாதீங்க, நகந்துருங்க. அடிக்க வர்ற அளவுக்கு போனா ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்டயோ மனநல டாக்டர்கிட்டயோ சொல்லணும், அதுக்கும் மருந்து இருக்கு.

குணசீலம் போறது உங்க நம்பிக்கை, தாராளமா போங்க, பெருமாள் வேணாம்னு சொல்ல நான் யாரு. ஆனா ஃபிட்ஸ் மாத்திரை பையில இருக்கணும். நல்லாயிட்டான்னு நீங்களா திடீர்னு நிறுத்துனீங்கன்னா ஃபிட்ஸ் வந்து மறுபடி மண்டைய ஒடச்சுக்கிட்டுதான் வருவான். தண்ணியடிக்கிற பேச்சே கூடாது, கூட்டாளிங்ககிட்டயும் நீங்கதான் சொல்லணும். பைக் சாவிய ஒளிச்சு வைங்க. படுக்க வச்சு கஞ்சி ஊட்டாதீங்க. வெளங்காத கையப் புடிச்சு இழுத்து தூக்காதீங்க, தோள்பட்டை எறங்கிடும். எண்ணெய் போட்டு முரட்டுத்தனமா மடக்கி நிமித்துறவங்கள தயவுசெஞ்சு கூப்புடாதீங்க, மூளையில அடிபட்டவங்களுக்கு மூட்டுகள சுத்தி புதுசா எலும்பு வளர்ற ஆபத்து உண்டு, அது வந்துட்டா முழங்கைய அப்புறம் யாராலயும் சுலபமா மடக்க முடியாது.

அரசாங்கம் 2021 டிசம்பர்ல இருந்து விபத்துக்கு மொத 48 மணி நேரம் இலவசமா பாக்குது, நல்ல திட்டம், ஆனா 49வது மணி நேரத்துல இருந்து அம்மாவும் பொண்டாட்டியும்தான். மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பிசியோ பண்ணுவாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. மாற்றுத்திறனாளி அட்டைக்கும் விண்ணப்பம் போடுங்க, நடக்குறவனுக்கு எதுக்குன்னு கௌரவம் பாக்காதீங்க. அந்தம்மா எட்டு மாசமா சரியா தூங்கல, வாரத்துல ரெண்டு ராத்திரியாவது வேற யாராவது பாத்துக்கங்க, சித்தப்பா வீடு நாலு வீடு தள்ளிதானே இருக்கு.

தொழுவத்து சுவத்துல அப்பாவ கரியால நாலு வரி எழுத வச்சிருக்கேன். தண்ணி புடி. கரை. அவுத்து காட்டு. திரும்ப கட்டு. ரெண்டு வாரமா இவனே சுவத்த பாத்து மூணு வரைக்கும் செய்யுறான். நாலாவது நேத்து விட்டுப்போச்சு, மாடு போய் பக்கத்து நாத்தங்கால மேஞ்சிடுச்சு. அப்பா இவன ஒரு வார்த்தை சொல்லல. நாத்தங்கால்காரருதான் காலையில எனக்கு போன் போட்டு திட்டுனாரு.