ஏறாத ஃபைலைவிட ஏறிய ஃபைல்தான் பயம்

ஆய்வேட்டுக்குப் புள்ளியியல் பார்க்க வருபவர்கள் முதலில் சொல்வது, "சார், எக்செல் ஃபைல் ஆர்-ல ஏறமாட்டேங்குது." ஆர் என்பது புள்ளியியல் கணக்குப் போடும் மென்பொருள். ஏறாவிட்டால் எனக்கு நிம்மதி. கோளாறு இருப்பது தெரிந்துவிட்டது, தேடிக்கொள்ளலாம். சத்தமில்லாமல் ஏறிவிடும் ஃபைல்தான் ஆளைக் கவிழ்க்கும்.

முதுநிலை மருத்துவ மாணவி ஒருவர் கொண்டுவந்த ஃபைலில் சில நோயாளிகள் டிஸ்சார்ஜ் ஆன பிறகு அட்மிட் ஆகியிருந்தார்கள்! தேதிப் பத்தியைப் பார்த்தால் சில இடங்களில் 45049 மாதிரி ஐந்திலக்க எண்கள், மற்ற இடங்களில் 14/03/2023 என்று வெறும் எழுத்து. மருத்துவமனை கொடுத்த சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்), அமெரிக்கத் தேதி முறை வைத்த கணினியில் இரட்டை க்ளிக் செய்து திறந்திருக்கிறார். மார்ச் 5-ஐக் குறிக்கும் 05/03/2023, மே 3 ஆகிவிட்டது. 14-வது மாதம் கிடையாதே, அதனால் 14/03 எழுத்தாகவே நின்றுவிட்டது.

எக்செல் தேதியை 1900-இலிருந்து நாள் கணக்காகத்தான் வைத்திருக்கும். 45049 என்பது 2023 மே 3. ஆர்-இல் அதைச் சூத்திரம் போட்டுத் தேதியாக்கினாலும் தப்பான மே 3-தான் வரும். மூல சிஎஸ்வி-க்கே திரும்பிப் போய், தேதியை எழுத்தாகப் படித்து, நாள்-மாதம்-வருடம் என்று நாமே சொல்லி மாற்றினோம். அன்றைக்கு மதியச் சாப்பாடு நாலு மணிக்கு.

அடுத்தது காலிப் பத்தி. எக்செல் ஃபைலைப் படிக்க ஆர்-இல் இருக்கும் ரீட்எக்செல் என்ற தொகுப்பு, நாம் மாற்றாவிட்டால், முதல் 1000 வரிகளை வைத்தே பத்தியின் வகையை ஊகிக்கும். அதுவரை காலியாக இருந்துவிட்டு 1200-வது வரியில் "காய்ச்சல்" என்று வந்தால் அது விடுபட்ட மதிப்பாகிவிடும். எச்சரிக்கை வரத்தான் செய்யும், யார் படிக்கிறார்கள்? எத்தனை வரிகளைப் பார்த்து ஊகிக்க வேண்டும் என்று சொல்லும் கெஸ்மேக்ஸ் எண்ணைக் கூட்டி வையுங்கள்.

வரிகளையும் எண்ணிப் பாருங்கள். 2020-இல் இங்கிலாந்தில் எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தின் 65,536 வரி எல்லையால் 15,841 கொரோனா தொற்றுகள் கணக்கில் சேராமல் போயின.

ஒன்றிணைத்த செல்லில் முதல் கட்டத்துக்கு மட்டும்தான் மதிப்பு, மற்றவை காலி. ஹீமோகுளோபின் பத்தியில் ஒரே ஒரு "12.5 கிராம்" இருந்தாலும் பத்தி முழுக்க எழுத்தாகலாம். விடுபட்டதற்கு 999 போட்டிருந்தால் சராசரி எகிறும். அப்புறம், செல்லுக்குப் பூசும் நிறம் ஆர்-க்கு வராது.

அந்த மாணவியின் ஃபைலிலும் மஞ்சள் பூசிய செல்கள் நிறைய இருந்தன. எதற்கு என்று கேட்டேன். "ஞாபகம் இல்ல சார்" என்றார்.