பழகும் பிள்ளைக்கு மொட்டை உளி கொடுக்காதீர்கள்

போன கிழமையும் ஒரு பெடியன் கையில் கட்டோடு என் பட்டறைக்கு வந்தான். வேறோர் இடத்தில் தச்சுவேலை பழகியவன். வேம்பில் செய்த யன்னல் நிலை ஒன்றில், துளையின் உட்பக்கத்தைச் சீவும்போது உளி வழுக்கி, மரத்தைப் பிடித்திருந்த இடது கையில் ஏறிவிட்டது. பெருவிரலடியில் தசைநாண் அறுந்து, யாழ் போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை. கூட வந்த தகப்பன் சொன்னார்: "பழகிற பிள்ளையெண்டு பாத்துத்தான் அண்ணை மொட்டை உளி குடுத்தவையாம். கூர் உளியெண்டால் விரலே போயிருக்கும்."

இதே கதையை எத்தனை பேரிடம் கேட்பது? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பிள்ளையின் கையை வெட்டியதே உளி மொட்டையாக இருந்ததுதான். கூரான உளி வைத்த இடத்திலேயே மரத்தைக் கடிக்கும். கொஞ்சம் தள்ளினாலே சீவல் சுருண்டு வரும். மொட்டை உளி கடிக்காது. கடிக்காததால் பிள்ளை இன்னும் அழுத்துவான், தோளைக் கொடுப்பான், கடைசியில் உடம்பையே சாய்ப்பான். அப்போது வழுக்கினால் அவ்வளவு பாரமும் உளிக்குப் பின்னால் நிற்கும். வேம்பின் வைரத்துக்கு, அதாவது கெட்டியான உள்மரத்துக்கு, மொட்டையான உளி, மனிதத் தோலுக்கு மொட்டை அல்ல.

"முதலில் மொட்டையில் பழகட்டும், கை வந்த பிறகு நல்லதைக் கொடுப்போம்" என்று சொல்லும் தச்சுவேலைக்காரர்களும் இருக்கிறார்கள். மொட்டை உளியில் கை வரவே வராது. மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே பிளக்கப் பார்க்கிறது என்பதெல்லாம் கூரான உளியில்தான் கைக்குத் தெரியும். மொட்டையில் பழகியவனுக்குப் பழகுவது முரட்டு அழுத்தம் ஒன்றுதான். அதை மாற்ற மாதக்கணக்காகிறது.

கூரான உளியும் வெட்டும்தான். அதனால் முதல் நாளே பிடியைப் பழக்குங்கள். இரண்டு கையும் எப்போதும் உளியின் வாய்க்குப் பின்னால். மரத்தைப் பிடிப்பது கிளாம்பின் வேலை, கையின் வேலை அல்ல. கிளாம்ப் இல்லையா? அன்றைக்கு உளியைத் தொடவேண்டாம்.

சரி, தீட்டுவதற்கு வருவோம். கடையில் வாங்கிய புது உளியும் கூரானதல்ல. உளி வாயின் சாய்வு சாணையில் 25 பாகை, தீட்டுகல்லில் 30 பாகை. முதிரை, பனை வைரம் என்றால் 35 வரை போகலாம். அதற்கு முன்னால் உளியின் தட்டையான முதுகு, வாயோரத்தில் கண்ணாடிபோல் மட்டமாக வேண்டும். இதை அனேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு 1000 நம்பர் கல்லில் (நம்பர் கூடக் கூடக் கல் நைசு), மறுபக்கம் பிசிர், அதாவது மடிந்து நிற்கும் மெல்லிய உருக்கு விளிம்பு, விரலுக்குத் தட்டுப்படும் வரை. அதன் பின் 6000 நம்பர் கல், கடைசியில் தோல்வாரில் இழுப்பது. கிரைண்டரில் அவசரப்பட்டு வாய் நீலம் பாய விடாதீர்கள். சாதாரண கார்பன் உருக்கு நீலமாகும்போது சூடு கிட்டத்தட்ட 300 பாகை செல்சியஸ். அந்த இடத்தில் பதம், அதாவது உருக்கின் கடினம், போய்விட்டது. தண்ணீரில் முக்கினாலும் அது திரும்பாது. நீலம் பாய்ந்த பகுதி முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டியதுதான். நீலமாகும் முன்பே அடிக்கடி முக்குங்கள்.

கூர் பார்க்க வாயோரமாகப் பெருவிரலை இழுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: வாயில் வெள்ளைக் கோடு மினுங்கினால் அது மொட்டை. இன்னொரு சோதனை, மெத்தென்ற மரத்தின் வெட்டுமுகத்தை, அதாவது நாருக்குக் குறுக்கே அறுத்த முனையை, சீவிப் பார்ப்பது. முதிரையை வெட்டிவிட்டதென்று பெருமைப்படும் உளி, பெட்டிப் பலகையின் வெட்டுமுகத்தை நசுக்கிக் கிழிப்பதை அடிக்கடி பார்க்கிறேன். மெத்தென்ற மரம் மொட்டை உளியை உடனே காட்டிக்கொடுக்கும்.

வெட்டிவிட்டதென்றால் கோப்பித்தூள் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். இரத்தம் நின்றாலும் விரலை மடக்கி நீட்டிப் பாருங்கள். முடியாவிட்டாலோ விரல் நுனி மரத்திருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்குப் பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம். ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) கடைசியாக எப்போது போட்டதென்றும் அங்கே சொல்லுங்கள்.

பிள்ளையை வேலை பழக விடப்போகும் அம்மா அப்பாமாரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பட்டறைக்குப் போனால் சம்பளத்தைப் பேசுமுன் தீட்டுகல் எங்கே என்று கேளுங்கள். கல் தூசி பிடித்துக் கிடந்தால், அல்லது "அதெல்லாம் நாங்கள் தீட்டிக் கொடுப்போம், பிள்ளை தொடத் தேவையில்லை" என்றால், வேறு இடம் பாருங்கள்.