ஆழத்தில் தங்கிவிட்ட பழைய குளிர்

சித்திரை வெயிலில் கான்கிரீட் கூரையின் மேல்பக்கம் உச்சிவேளையில் கொதிக்கிறது. அறைக்குள் அனல் இறங்குவதோ பொழுது சாய்ந்த பிறகுதான். அரை அடிகூட இல்லாத கூரையைக் கடக்கவே வெப்பத்துக்குச் சில மணி நேரம் பிடிக்கிறது என்றால், நூற்றுக்கணக்கான மீட்டர் பாறையைக் கடக்க? நூற்றாண்டுகள் பிடிக்கும். அதனால் பழைய காலத்து வெப்பமும் குளிரும் இன்னும் ஆழத்தில் தங்கியிருக்கின்றன; துளையிட்டு வெப்பநிலையை அளந்தால் அவற்றைக் கண்டுபிடிக்கலாம்.

தரையில் பகலும் இரவும் ஏற்படுத்தும் வேறுபாடு ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். கோடையும் குளிர்காலமும் 15, 20 மீட்டரில் மங்கிவிடும். நூறாண்டு நீடித்த மாற்றம் 100 மீட்டர் வரை இறங்கும். ஆயிரம் ஆண்டு மாற்றத்தைத் தேடினால் 300, 400 மீட்டர் போக வேண்டும்.

பூமியின் உள்வெப்பமும் கீழிருந்து மேலே வந்துகொண்டே இருக்கிறது. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 25 டிகிரி கூடும். தரையின் வெப்பநிலை காலங்காலமாக மாறாமலே இருந்திருந்தால், ஆழத்தையும் வெப்பநிலையையும் வரைந்தால் கிட்டத்தட்ட நேர்க்கோடுதான் வரும்.

வட அலாஸ்காவில், எண்ணெய் தேடித் தோண்டிய கிணறுகளில் அந்தக் கோடு வளைந்திருந்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் ஆர்தர் லாக்கன்பிரக்கும் வான் மார்ஷலும் 1986இல் இதை வெளியிட்டார்கள். அங்கே நிலம் ஆழம்வரை உறைந்து கிடப்பது பெரிய வசதி. நிலத்தடி நீர் ஓடினால் வெப்பத்தை அள்ளிப் போய்க் கணக்கைக் கெடுத்துவிடும். உறைந்த நிலத்தில் அந்தத் தொல்லை இல்லை. கீழே நேராக வந்த கோடு, மேல் 100 மீட்டரில் வெப்பத்தின் பக்கம் சாய்ந்தது. கீழ்ப்பகுதியின் மேல் அளவுகோலை வைத்துத் தரைவரை நீட்டுங்கள்: கோடு தரையைத் தொடும் இடம்தான் பழைய தரை வெப்பநிலை. அதற்கும் அவர்கள் அளந்த காலத்துத் தரை வெப்பநிலைக்கும் 2 முதல் 4 டிகிரி வித்தியாசம். சில பத்தாண்டுகளிலிருந்து ஒரு நூற்றாண்டுக்குள் ஏறிய சூடு அது.

மர வளையங்களும் பவளங்களும் வெப்பநிலையின் அடையாளங்களைத்தான் தருகின்றன. துளைக்குள் இருப்பதோ வெப்பநிலையே. இந்த முறையின் பெருமை என்று நான் கருதுவது இதைத்தான். ஆனால் கீழே இறங்க இறங்க, தண்ணீரில் விட்ட மைத்துளிபோல எல்லாம் பரவிக் கலங்கிவிடும். ஒரே ஓர் ஆண்டின் கடுங்குளிரை அங்கே தேட முடியாது. நீண்ட காலச் சராசரி மட்டுமே மிஞ்சும்.

அந்தச் சராசரி எவ்வளவு பெரிய பிழையைத் திருத்தியது என்பதற்குக் கிரீன்லாந்தே சாட்சி. பனிப்படலத்தின் உச்சியில், 3,029 மீட்டர் ஆழத் துளையில் வெப்பநிலை அளந்தார்கள். அங்கே பனி மேலே சேரச் சேரக் கீழே அமிழும். அமிழும்போது குளிரையும் கொண்டுபோகும். அதையும் கணக்கில் சேர்த்து டென்மார்க் ஆய்வாளர் டோர்தே டால்-யென்சனும் குழுவினரும் 1998இல் சொன்ன விடை: சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், அங்கே இன்றைவிட 23 டிகிரி கூடுதல் குளிர். பனியின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணுக்கள்; அவற்றின் விகிதம் பனி விழுந்தபோது இருந்த குளிரைக் காட்டும்) வைத்து அதற்கு முன் போட்டிருந்த கணக்கு இதில் ஏறக்குறைய பாதியைத்தான் காட்டியது.

ஏன் அப்படி? பனியுகத்தில் அங்கே குளிர்காலப் பனிப்பொழிவு மிகவும் குறைந்திருந்தது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். சேர்ந்ததில் பெரும்பகுதி கோடைப் பனி; ஐசோடோப்புகளில் பதிந்ததும் கோடையே. குளிர்காலத்தில் பனி விழாவிட்டாலும் குளிர் நிற்கவில்லை. அது பனிப்படலத்துக்குள் இறங்கியது. அதன் எச்சம் இன்னும் அந்த ஆழத்தில் இருக்கிறது.