குறிஞ்சி நீலமா, ஊதாவா? ரா ஃபைலுக்குள் நடக்கும் கணக்கு

மூணாறு எஸ்டேட் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "2018இல் ராஜமலையில் எடுத்த நீலக்குறிஞ்சிப் படம், ரா ஃபைலாக வைத்திருக்கிறேன். ஒரு சாஃப்ட்வேரில் திறந்தால் பூ ஊதாவாகத் தெரிகிறது, இன்னொன்றில் நீலம். கேமரா ஸ்கிரீனில் பார்த்தது இரண்டும் இல்லை. ஃபைல் ஒன்றுதானே சார், எது உண்மை?"

ஃபைல் ஒன்றுதான். ஆனால் அதற்குள் நிறம் என்று எதுவும் இல்லை, வெறும் எண்கள்தான் இருக்கின்றன. சென்சாரின் ஒவ்வொரு பிக்சல் மேலும் ஒரு குட்டி நிற வடிகட்டி உட்கார்ந்திருக்கும். நான்கு பிக்சலை எடுத்தால் இரண்டில் பச்சை, ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீலம். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் இந்த அமைப்புக்கு 1976இல் காப்புரிமை பெற்றார். பிக்சல் தன் வடிகட்டி வழியாக வந்த ஒளியை எண்ணி, 14 பிட் கேமராவானால் 0 முதல் 16383 வரை ஓர் எண்ணை எழுதிவைக்கும். அவ்வளவுதான் ரா.

சாஃப்ட்வேர் இதைப் படமாக்கும் வரிசை பலருக்கும் தெரிந்ததுதான். கறுப்பு அளவை (ஒளியே இல்லாதபோதும் சென்சார் எழுதும் எண்ணை) கழிப்பது, வெள்ளை வெள்ளையாகவே தெரிவதற்கான ஒயிட் பேலன்ஸுக்காகச் சிவப்பையும் நீலத்தையும் பெருக்குவது (பகல் வெளிச்சத்தில் சிவப்பு சுமார் 2 மடங்கு, நீலம் சுமார் 1.5 மடங்கு), அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து விடுபட்ட இரண்டு நிறத்தை நிரப்புவது. அதன் பிறகு வரும் படியில்தான் குறிஞ்சி நிறம் மாறுகிறது.

கேமராவின் சிவப்பு, நம் கண்ணின் சிவப்பு அல்ல. சிவப்பு வடிகட்டி வழியாகப் பச்சை ஒளியும் கணிசமாகக் கசியும்; பச்சை வடிகட்டியில் நீலம் கசியும். இந்தக் கலப்பைப் பிரித்தெடுக்க ஒரு மேட்ரிக்ஸ் வேண்டும். மூன்று வரிசை, மூன்று நிரல், ஒன்பது எண்கள். முதல் சாஃப்ட்வேரின் சிவப்பு வரிசை 1.8, −0.7, −0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா சொன்ன சிவப்பை 1.8ஆல் பெருக்கு, பச்சையில் 0.7 பங்கைக் கழி, நீலத்தில் 0.1 பங்கைக் கழி என்று அர்த்தம். இரண்டாவது சாஃப்ட்வேரின் வரிசை 1.6, −0.4, −0.2. கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்தான், ஆனால் நிஜ மேட்ரிக்ஸ்களும் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும்.

சாம்பல் அட்டையைக் கொடுத்துப் பார்ப்போம். அதிகபட்ச எண்ணை 1 என்று வைத்தால் மூன்று நிறமும் 0.5. ஒவ்வொரு வரிசையின் மூன்று எண்களையும் கூட்டினால் 1தான், ஆகவே இரண்டிலும் விடை 0.5. வேட்டியும் சுவரும் மேகமும் இரண்டு சாஃப்ட்வேரிலும் ஒரே மாதிரி. இப்போது குறிஞ்சி இதழைக் கொடுங்கள்: சிவப்பு 0.30, பச்சை 0.22, நீலம் 0.50. முதல் சாஃப்ட்வேரில் 0.54இல் 0.154ஐயும் 0.05ஐயும் கழித்தால் 0.336. இரண்டாவதில் 0.48இல் 0.088ஐயும் 0.10ஐயும் கழித்தால் 0.292. சிவப்பு 13 சதவீதம் குறைந்துவிட்டது. ஊதாவிலிருந்து சிவப்பை எடுத்தால் மிஞ்சுவது நீலம். சாம்பல் அட்டைச் சோதனையில் இரண்டுமே நூற்றுக்கு நூறு வாங்கின. பூவில் பிரிந்து போயின. இந்த இடம் எனக்கு எத்தனை முறை கணக்குப் போட்டாலும் அலுப்பதில்லை.

சரி, ஆளுக்கொரு மேட்ரிக்ஸ் ஏன்? அதைக் கண்டுபிடிக்கும் வழியைப் பாருங்கள். 24 கட்டம் கொண்ட கலர்செக்கர் அட்டையைப் படமெடுத்து, ஒவ்வொரு கட்டமும் கண்ணுக்கு இருக்கவேண்டிய நிறத்துக்கு நெருங்கி வரும்படி ஒன்பது எண்களையும் முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். அட்டையில் 6 கட்டம் சாம்பல் வகை, 18 கட்டம் நிறம். கட்டத்துக்கு மூன்று மதிப்பு என்றால் 54 சமன்பாடுகள். சாம்பல் கெடக்கூடாது என்று வரிசைக் கூட்டலை 1 ஆக்கியதும் ஒன்பதில் மூன்று எண்கள் கட்டுப்பட்டுவிடும். ஆக 54 சமன்பாட்டுக்கு ஆறு எண். எல்லாவற்றையும் திருப்திப்படுத்தவே முடியாது. எதை விட்டுக்கொடுப்பது என்று ஓர் ஆள் உட்கார்ந்து முடிவெடுக்கிறார். கல்யாணப் படக்காரர்களை மனதில் வைத்தவர் முதல் இரண்டு கட்டமான தோல் நிறங்களுக்கு முக்கியம் கொடுப்பார். இயற்கைப் படக்காரர்களை நினைத்தவர் இலைக்கும் வானத்துக்கும் கொடுப்பார். ஐந்தாவது கட்டத்தின் பெயரே 'நீலப்பூ'தான், ஆனால் அது வண்ணப் பூச்சு. குறிஞ்சி இதழ் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதம் வேறு. நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பூச்சும் இதழும் கேமராவுக்கு இரண்டாகத் தெரியலாம்.

கேமராவின் மூன்று வடிகட்டிகளும் கண்ணின் உணர்வை அப்படியே கூட்டிக் கழித்துப் பெறும்படி அமைந்தால் இந்தச் சண்டையே வராது. லூதர் என்ற விஞ்ஞானி 1927இல் சொன்ன நிபந்தனை இது. கடையில் வாங்கும் எந்தக் கேமராவும் அதை முழுசாகப் பூர்த்தி செய்வதில்லை. ஊதாவில் தவறு பளிச்சென்று தெரியக் காரணம் உண்டு. 440 நானோமீட்டர் பக்கம் நம் பார்வையில் சிவப்பு உணர்வு மறுபடி லேசாகத் தலைதூக்கும், அதனால்தான் வானவில்லின் ஊதா நமக்கு ஊதா. கேமராவின் சிவப்பு வடிகட்டியில் அந்த மேடு பெரும்பாலும் சரியான உயரத்தில் இருப்பதில்லை.

ஒவ்வொரு வடிகட்டியும் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உணரும் என்று காட்டும் வளைகோடுகளைக் கேமரா கம்பெனிகள் வெளியிடுவதும் அரிது. ஒரே அலைநீள ஒளியைப் பிரித்துத் தரும் மோனோகுரோமேட்டர் வைத்து 400 முதல் 700 நானோமீட்டர் வரை 10 நானோமீட்டருக்கு ஒன்றாக எடுத்தால் 31 படம், ஒரு மதியத்து வேலை. கல்லூரி ஆய்வகங்கள் கேமரா கேமராவாக அளந்து பொதுவில் வைக்கலாம்; மேற்குத்தொடர்ச்சி மலைப் பூக்களின் இதழ்களையும் கூடவே அளக்கலாம். இதற்கெல்லாம் ஆய்வுப் பணம் ஒதுக்கினால் எனக்கு மகிழ்ச்சிதான். இந்தக் கம்பெனி கேமராவில் முகம் சிவக்கும், அந்தக் கம்பெனியில் மஞ்சளடிக்கும் என்று ஸ்டூடியோக்களில் ஓடும் ஜாதகப் பேச்சுக்கும் அந்த எண்கள் முற்றுப்புள்ளி வைக்கும். பெரும்பாலும் அது கேமரா தானே எண்களைப் படமாக்கும் ஜேபெக் செய்முறையின் குணம், சென்சாரின் ராசி அல்ல.

வேறு காரணங்களும் உண்டு. ஃபைலைத் திறந்த ஒரு விநாடியில் படத்தின் நிறம் சட்டென்று மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் தெரிவது கேமரா உள்ளேயே ஒட்டிவைத்த ஜேபெக், பிறகு வருவது சாஃப்ட்வேரின் சொந்தச் சமையல். கேமராவில் வைத்த 'விவிட்', 'போர்ட்ரெய்ட்' அமைப்புகளை அந்தக் கம்பெனியின் சொந்த சாஃப்ட்வேர்தான் முழுதாகப் படிக்கும். அடுத்து, இருட்டையும் வெளிச்சத்தையும் அழுத்தமாக்கும் கான்ட்ராஸ்ட் வளைவு. அதை மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகப் போட்டால் குத்துவிளக்குச் சுடரின் ஆரஞ்சு மஞ்சளாக நழுவும்; சாயலைக் காப்பாற்றும் முறையில் போட்டால் ஆரஞ்சாகவே நிற்கும்.

வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண்ணை நம்பாதீர்கள். ஒரு சாஃப்ட்வேரின் 5200ஐ இன்னொன்றில் தட்டினால் அதே ஒயிட் பேலன்ஸ் வராது, ஏனென்றால் ஒவ்வொன்றும் தன் மேட்ரிக்ஸ் வழியாகத்தான் கெல்வினைக் கணக்கிடுகிறது. சாம்பல் அட்டையை சாஃப்ட்வேரின் ஒயிட் பேலன்ஸ் டிராப்பர் கருவியால் கிளிக் செய்யுங்கள். அட்டை இல்லையென்று கசவு முண்டில் கிளிக் செய்தால் படம் நீலமடிக்கும், அது வெள்ளையல்ல, தந்த நிறம். நீலம் போட்டு வெளுத்த வேட்டியில் கிளிக் செய்தால் எதிர்ப்பக்கம் போய் எல்லாம் மஞ்சளாகும்.

இரண்டு சாஃப்ட்வேரையும் ஒத்துப்போக வைக்க வேண்டுமானால், 24 கட்ட அட்டையை அதே வெளிச்சத்தில் பளபளப்பு விழாமல் ஒரு படம் எடுங்கள். வெளிச்சம் மிகுந்து வெள்ளைக் கட்டம் விவரமின்றி வெளுத்துப்போயிருக்கக் கூடாது. அடோபியின் இலவச டிஎன்ஜி புரொஃபைல் எடிட்டரில் அதைக் கொடுத்தால் டிசிபி புரொஃபைல், அதாவது அந்தக் கேமராவுக்கான நிறத் திருத்தக் கோப்பு கிடைக்கும். லைட்ரூமும் ராதெரபியும் அதைப் படிக்கும். கேப்சர் ஒன் சாஃப்ட்வேருக்கு ஐசிசி என்ற வேறு வகைப் புரொஃபைல் வேண்டும். டார்க்டேபிளில் கலர் கேலிபரேஷன் பகுதியிலேயே அட்டையை வைத்து அளக்கலாம். வெயிலுக்கு ஒரு புரொஃபைல், மண்டபத்துக் குண்டு பல்புக்கு இன்னொன்று. இவ்வளவு செய்தும் ஊதா முழுக்க ஒத்துப்போகாது, ஆனால் வித்தியாசம் நன்றாகக் குறையும்.

வாசகரின் 2018 ஃபைலுக்கு அட்டைப் படம் இல்லை. ஆகவே இரண்டில் எது உண்மை என்று அந்த ஃபைலை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. நினைவில் இருக்கும் பூவுக்கு நெருக்கமானதை வைத்துக்கொள்ளலாம். அடுத்த பூப்பு 2030இல். அப்போது அட்டையைப் பூவுக்குப் பக்கத்தில், அதே மேகமூட்டத்தில் பிடித்து முதல் படத்தை எடுங்கள். பூவைப் பறித்து வீட்டு மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தேசியப் பூங்காவில் குறிஞ்சியைப் பறித்தால் வழக்கு வரும்.