பிரைவசி: அந்தரங்கமா, தனியுரிமையா, அகவாழ்வா?

ஒருவருடைய சொந்த வாழ்க்கை எப்போது செய்தியாகலாம் என்ற விவாதம் எழும்போதெல்லாம் 'பிரைவசி' என்ற சொல்லும் உடன் வந்துவிடுகிறது. இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'பிரிவாரே' என்பது விலக்குதல், இழக்கச் செய்தல் என்று பொருள்படும் வினை. அதிலிருந்து பிறந்த 'பிரிவாத்துஸ்' என்ற சொல் உரோமானியரிடையே ஆட்சிப் பதவி எதையும் வகிக்காத ஆளைக் குறித்தது. தனியறை, தாழிட்ட கதவு போன்றவை பின்னாளில் சேர்ந்த பொருள்கள். பதவியில் இருப்பவர், பதவியில் இல்லாதவர் என்ற பாகுபாடே முதற்பொருள். பிரெஞ்சு மொழியில் தனிவாழ்வை 'வீ பிரிவே' என்பர். புதுச்சேரிக்காரர் காதில் அந்தப் 'பிரிவே' தமிழ்ப் 'பிரிவு' போலவே ஒலிப்பதும், இரண்டும் பொருளில் நெருங்கி நிற்பதும் சொல்லாராய்ச்சி ஆசை உள்ளவரைச் சற்று மயக்கக்கூடும். ஆனால் அது தற்செயலான ஒலியொப்புமையே.

பிரான்சில் 1868 மே 11 அன்று வந்த பத்திரிகைச் சட்டம், ஒருவரின் தனிவாழ்வு குறித்த எந்தத் தகவலையும் பருவ இதழில் வெளியிடுவதே 500 பிராங்க் அபராதத்துக்கு உரிய குற்றம் என்றது. அது மிகையான தடை என்பதால் நெடுநாள் நிலைக்கவில்லை. அதை நீக்கிய 1881 ஜூலை 29 சட்டம் பத்திரிகைக்குப் பரந்த உரிமை அளித்ததோடு, அவதூறு வழக்கில் 'எழுதியது உண்மை' என்று நிறுவும் வாய்ப்பைப் பெரும்பாலும் பதவியில் இருப்போரின் பதவி சார்ந்த செயல்களுக்கே உரியதாக்கியது. அதாவது, இலத்தீன் வேரின் பழைய பாகுபாடே சட்ட வடிவம் பெற்றது. அச்சட்டம் குடியேற்ற நாடுகளுக்கும் பொருந்தியதால், பாரதியாரின் 'இந்தியா' வார இதழ் 1908-இல் சென்னையை விட்டுப் புதுச்சேரிக்கு வந்தபோது இங்கே நடப்பில் இருந்தது அதுவே.

தமிழில் இதற்கு வழங்கும் சொற்கள் முதன்மையாக இரண்டு. 'அந்தரங்கம்' வடசொல், 'உள்' என்னும் பொருளுடைய 'அந்தர்' என்பதும் 'அங்கம்' என்பதும் சேர்ந்தது. அதன் எதிர்ச்சொல்லான 'பகிரங்கம்' என்பதையும் நாம் நன்கு அறிவோம். 'அந்தரங்கச் செயலாளர்', 'அந்தரங்க சுத்தியோடு' என்றெல்லாம் கண்ணியமாக வழங்கிய இச்சொல்லை, அண்மைக்காலச் செய்தித் தலைப்புகள் 'அந்தரங்க வீடியோ' என்று எழுதி எழுதிப் பாலியலோடு மட்டும் ஒட்டவைத்துவிட்டன. அதன் விளைவாக, ஒருவருடைய மருத்துவக் குறிப்போ கடன் கணக்கோ மணமுறிவு வழக்கோ அந்தரங்கம் என்று இன்று நம் காதுக்குத் தோன்றுவதில்லை. இந்த இழப்பு சிறியதன்று. கைப்பேசிச் செயலிகள் பரப்பிய 'தனியுரிமை' என்ற சொல்லிலோ வேறு சிக்கல் இருக்கிறது. ஒரு பொருளை விற்கவோ பயன்படுத்தவோ ஒருவருக்கு மட்டுமே உள்ள உரிமையையும் அது குறிப்பதால், சட்டப் பத்திரங்களில் மயக்கம் தருகிறது. மேலும் அது உரிமைக்குப் பெயரே அன்றி, அவ்வுரிமை காக்கும் வாழ்வுக்குப் பெயர் அன்று.

அந்த வாழ்வுக்குத் தமிழ் வைத்திருந்த பெயர் அகம். அகத்திணைப் பாட்டில் 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்று தொல்காப்பியம் விதிக்கிறது. காதலைப் பாடலாம், பிரிவைப் பாடலாம், பரத்தையால் வந்த ஊடலையும் பாடலாம். இன்னார் என்று சுட்டக் கூடாது. இவ்விதியை உரையாசிரியர்கள் எவ்வளவு கண்டிப்பாகக் கொண்டனர் என்பதற்கு நெடுநல்வாடை சான்று. பிரிந்த தலைவனுக்காக வருந்தும் தலைவியைப் பாடும் அந்நூலில் பாண்டியன் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஆயினும் 'வேம்புதலை யாத்த நோன்காழ் எஃகமொடு' என்ற அடியில் வரும் வேம்பு பாண்டியர்க்கு உரிய பூ என்பதால், ஆள் தெரிந்துவிட்டது, ஆகவே இது புறம் என்று நச்சினார்க்கினியர் முடிவு கட்டினார்.

செய்தி ஆசிரியர் மேசையில் நாள்தோறும் எழும் கேள்வியும் இதுவே. 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, வில்லியனூரில் இன்ன தெரு, தந்தைக்கு இன்ன துறையில் வேலை, பெண் படிப்பது இன்ன பள்ளி என்று அடுத்த வரியில் எழுதினால், புதுச்சேரி போன்ற சிறிய ஊரில் அது பெயரை எழுதியதற்குச் சமம், வேப்பம்பூ எழுதப்பட்டுவிட்டது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு பெயரோடு நிற்காமல் முகவரி, ஒளிப்படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடுக்கி, அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்த விவரமும் கூடாது என்று முடிப்பதும் இதனாலேயே.

எனினும் பெயர் சொல்லியே தீரவேண்டிய செய்திகளும் உண்டு. 1994-இல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வகுத்த வரையறை இன்றும் பயன்படுகிறது. தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட முனைந்த 'நக்கீரன்' இதழைச் சிறைத்துறை தடுக்கப் பார்த்ததே வழக்கு. (நெடுநல்வாடையைப் பாடியவர் பெயரும் நக்கீரர் என்பது ஓர் இனிய உடனிகழ்வு.) தனித்து விடப்படும் உரிமை குடிமக்களுக்கு உண்டு, பொது ஆவணங்களில் உள்ளதை இசைவின்றியும் வெளியிடலாம், ஆனால் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது, பொதுப்பதவி வகிப்போர் தம் கடமை சார்ந்த செயல்களுக்கு இவ்வுரிமையைக் கேடயமாகப் பிடிக்க இயலாது, வெளியீட்டுக்கு முன்பே தடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை. இவையே தீர்ப்பின் சாரம். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு இவ்வுரிமையை அடிப்படை உரிமையாகவே அறிவித்தது.

ஆக, அமைச்சர் ஒருவர் பணியாற்ற இயலாத அளவுக்கு நோயுற்றால் அது செய்தி. அவர் மகளின் மணமுறிவு செய்தியன்று. அம்மகளுக்கு அரசு ஒப்பந்தம் கிடைத்திருந்தால் ஒப்பந்தம் மட்டும் செய்தி. தம் இல்லத் திருமணத்துக்கு நகரெங்கும் பேனர் வைத்தவர் என்பதற்காக, பின்னாளில் அவ்வீட்டில் நேரும் பூசலை எழுதும் உரிமை எவருக்கும் வந்துவிடாது. 'ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது' என்ற சமாதானமும் செல்லாது: சிலர் வாய்க்குள் முணுமுணுக்கும் வம்பான அம்பலை, ஊரறிந்த பழிப்பேச்சான அலராக்குவது அச்சேற்றுபவரே.

சொல்லாட்சியைப் பொறுத்தவரை, சட்ட உரிமையைக் குறிக்கையில் வழக்கில் ஊன்றிவிட்ட 'தனியுரிமை' இருக்கட்டும். அவ்வுரிமை எதைக் காக்கிறதோ அதற்கு 'அகவாழ்வு' பொருந்தும்; மருத்துவக் குறிப்பும் கடன் கணக்கும் மணமுறிவும் அதில் அடங்கும். 'அந்தரங்கம்' என்பதைத் தலைப்பெழுதுவோர் சில ஆண்டுகள் தொடாமல் விட்டால், அது தன் பழைய மதிப்பை ஓரளவு மீட்கக்கூடும்.